சபை ஐயர் போயாச்சு, பிஷப் ஏன் அடுத்தவரை அனுப்பல? (லண்டன் புறநகர் ஆங்கிலிக்கன் சபை)

கடைசி பெஞ்ச் · 14 ஜனவரி 2025, காலை

ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரு சபை. விகார், அதான் எங்க சபைக் குருவானவர், நவம்பர் கடைசியோட ரிட்டயர் ஆயிட்டார். ஞாயித்துக்கிழமைக்கு யாராவது ஒரு குருவானவர் வர்றார், ஆராதனை முடிச்சு டீ குடிச்சுட்டுப் போறார். திருநெல்வேலிப் பக்கம்னா டிரான்ஸ்பர் ஆர்டர் வந்த கையோட பழையவர் சாமான் ஏறும், புதியவர் சாமான் இறங்கும். இங்க பிஷப் என்ன செய்றார்? கேட்டா "பி.சி.சி. (சபை நிர்வாகக் குழு) கூடிப் பேசணும்"ங்கிறாங்க. பிஷப்புக்கு எங்க சபை மேல ஏதும் கோபமா?

மணிக்கூண்டு · 14 ஜனவரி, இரவு

கோபமெல்லாம் இல்ல தம்பி. இங்கிலாந்துத் திருச்சபையில டிரான்ஸ்பர் லிஸ்டே கிடையாது. ஒரு விகாரை இன்னொரு சபைக்குப் போன்னு பிஷப் ஆர்டர் போட முடியாது. அவரா விண்ணப்பிச்சு வரணும்.

அதோட, ஆளை முன்மொழியுற உரிமையே பல சபைகள்ல பிஷப்கிட்ட இல்ல. 'பேட்ரன்'னு ஒருத்தர் இருப்பார். நம்ம ஊர்த் திருவிழாவுல மண்டகப்படி உரிமை பரம்பரையா வருமே, ஏறக்குறைய அந்த மாதிரி. பேட்ரன் பிஷப்பாவே இருக்கலாம். கதீட்ரல், ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ் கல்லூரி, லார்டு சான்சலர் வழியா அரசர், ஏதோ ஒரு பழைய ஜமீன் வாரிசு, இல்ல ஒரு டிரஸ்ட், யாரா வேணும்னாலும் இருக்கலாம். சிமியன் டிரஸ்டீஸ், சி.பி.ஏ.எஸ். ரெண்டும் டிரஸ்ட் வகை. முதல் டிரஸ்டைத் தொடங்கின சார்ல்ஸ் சிமியன் (1759–1836) கேம்பிரிட்ஜ் ஹோலி டிரினிட்டியில 1782-லருந்து சாகிற வரைக்கும் விகார். அவர் வட்டத்துல வளர்ந்த டேனியல் கோரிதான் 1835-ல மெட்ராசுக்கு முதல் பிஷப்பா வந்தவர்.

உங்க பேட்ரன் யாருன்னு டயோசிஸ் (நம்ம ஊர்ல திருமண்டலம்) ரெஜிஸ்ட்ரியில, அதாவது அதோட சட்டப் பதிவு ஆபீஸ்ல, பதிவு இருக்கும். முதல்ல அதைக் கேளுங்க. ஈஸ்ட் ஹாம்னா செம்ஸ்ஃபோர்டு டயோசிஸ், லண்டன் டயோசிஸ் இல்ல. குரோய்டன் சதக், பிராம்லி ராச்செஸ்டர். லண்டன் டயோசிஸ் ஆபீசுக்கு மெயில் போட்டுட்டுப் பதில் வரலேன்னு உக்காந்திருக்காதீங்க.

பள்ளிக்கூட வாசல் · 14 ஜனவரி, இரவு

இடையில ஒரு அவசரம். சர்ச் ஸ்கூல் ரிசப்ஷன் (முதல் வருஷ) வகுப்பு விண்ணப்பத்துக்கு நாளைக்குத்தான் கடைசித் தேதி. ஆராதனைக்கு ஒழுங்கா வர்றோம்னு கூடுதல் படிவத்துல விகார் கையெழுத்து கேக்குது. விகாரே இல்லையே?

மணிக்கூண்டு · 14 ஜனவரி, இரவு, உடனே

படிவத்தோட அடிக்குறிப்பைப் படிங்க. 'விகார் இல்லாதபோது சர்ச் வார்டன்' (சபையார் தேர்ந்தெடுத்த பொறுப்பாளர்) என்ற மாதிரி ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். இல்லேன்னா காலையில முதல் வேலையா ஸ்கூல் ஆபீசுக்குப் போன் போடுங்க. வாசல்ல வருகைப் பதிவு நோட்டு வச்சிருந்தா வார்டனுக்குப் பிரச்சினை இல்ல, பக்கத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். நோட்டு வைக்காம "விகாருக்கு எல்லார் முகமும் தெரியும்"னு ஓட்டின சபை இந்த வாரம் மாட்டிக்கும். செகண்டரிக்கு இதே கூத்து அக்டோபர் 31-ல வரும், இப்பவே நோட்டைப் போடச் சொல்லுங்க.

மணிக்கூண்டு · 17 ஜனவரி

விட்ட இடத்துக்கு வர்றேன். புது விகாரைத் தேர்ந்தெடுக்கிறதுக்கான சட்டம் 1986-ல வந்த பேட்ரனேஜ் (பெனிஃபிசஸ்) மெஷர். டயோசிஸ்ல இதுக்குன்னு நியமிச்ச அதிகாரி, பேட்ரனுக்கும் பி.சி.சி. செயலருக்கும் காலியிட நோட்டீஸ் அனுப்புவார். கெடு அந்தத் தேதியிலருந்துதான் ஓடும். நோட்டீஸ் செயலரோட மெயில் பெட்டியில தூங்கிட்டா கெடுவும் சேர்ந்து தூங்காது.

கெடுவுக்குள்ள பி.சி.சி. ஒரு கூட்டம் போட்டாகணும். பதினொன்றாம் பிரிவுக் கூட்டம்னு சொல்வாங்க. சபையோட நிலை, தேவை, மரபு பத்தி எழுத்துல ஒரு அறிக்கை தயாரிக்கணும். பி.சி.சி.யில உள்ள சபையார் ரெண்டு பேரைப் பிரதிநிதியா நியமிக்கணும். விளம்பரம் கொடுக்கச் சொல்லிப் பேட்ரனைக் கேக்கணுமா, பிஷப்போடும் பேட்ரனோடும் கூட்டுக் கூட்டம் வேணுமா, பிஷப்கிட்ட எழுத்துல அறிக்கை கேக்கணுமா, இதெல்லாம் அங்கதான் முடிவாகும். போற விகாரும் அவர் மனைவியோ கணவரோ அந்தக் கூட்டத்துல உக்காரக் கூடாது, பேட்ரனும் கூடாது. பிரியாவிடை விருந்தையும் இந்தக் கூட்டத்தையும் ஒரே நாள்ல வச்சா அந்தச் சங்கடம் தானா வந்து நிக்கும்.

ரெண்டு பிரதிநிதிதான் முக்கியம். அவங்க ஒப்புக்கொள்ளாம பேட்ரன் யாருக்கும் அழைப்பு கொடுக்க முடியாது. பிஷப் ஒப்புதலும் வேணும். மறுத்தா காரணத்தை எழுத்துல கொடுக்கணும், பேட்ரன் அதைப் பேராயரோட பரிசீலனைக்குக் கொண்டு போகலாம். கெடுவுக்குள்ள வாயே திறக்கலேன்னா சம்மதம்னு எடுத்துக்குவாங்க. பி.சி.சி. யாரையும் நியமிக்கலேன்னா அந்த வேலை சர்ச் வார்டன்கள் தலையில விழும். பல சபையில வார்டன்களையே நியமிச்சிடுறாங்க. எனக்கு அது சரியாப் படல. காலி காலத்துல அவங்க ஏற்கனவே முதுகொடிஞ்சு கிடப்பாங்க. ஒரு வார்டன், வெளியிலருந்து ஒருத்தர்னு போடுங்க. அந்த ஒருத்தர் ஞாயிறு காலை எட்டு மணி ஆராதனைக்கு வர்றவரா இருந்தா இன்னும் நல்லது. பத்து மணிக் கூட்டம் எட்டு மணிக் கூட்டத்தை மறந்திடும்.

கணக்கு அக்கா · 18 ஜனவரி

கெடு, கூட்டம் எல்லாம் சரி. விகார் போன மறுவாரம் என்ன பழுதாகும்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்களே. பேங்க் மேண்டேட்ல அவர் கையெழுத்து இருக்கும், எடுக்கணும். ஆபீஸ் பிராட்பேண்ட் அவர் பேர்ல இருக்கும், அவர் இடம் மாத்தினதும் லைன் போயிடும். 'ஏ சர்ச் நியர் யூ' இணையதளத்துல உள்ள சபைப் பக்கத்துக்கு அவர் மட்டும்தான் எடிட்டர், ஈஸ்டர் நேரம் போட யாராலயும் முடியாது. பாட்டு வரிகளைத் திரையில காட்ட சி.சி.எல்.ஐ. லைசென்ஸ் புதுப்பிக்கச் சொல்லி நினைவூட்டல் அவரோட பழைய மெயிலுக்குப் போகும். அலாரம் கம்பெனி ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிடுற முதல் நம்பரும் அவர்து. பாவம், கார்ன்வால்ல தூங்கிக்கிட்டிருப்பார்.

இன்னொண்ணு. "விகாரே இல்ல, டயோசிஸ்க்கு பாரிஷ் ஷேர் எதுக்குக் கட்டணும்?"னு பி.சி.சி.யில ஒருத்தர் கண்டிப்பாக் கேப்பார். பெரும்பாலான டயோசிஸ்ல காலி காலத்துலயும் முழுசாத்தான் கட்டணும். சம்பளம், குருமனை, பென்ஷன், பயிற்சி எல்லாம் ஒரே தொட்டியிலருந்து போகுது, அதை ஒவ்வொரு சபை கணக்காப் பிரிச்சு வைக்கல. கட்டாம நிறுத்தினா அது புரொஃபைல்ல (விண்ணப்பிக்கிறவங்களுக்காகச் சபை தன்னைப் பத்தி எழுதுற அறிக்கை) ஒரு வரியா வந்து நிக்கும், விண்ணப்பிக்கிறவர் முதல்ல பார்க்கிற வரியும் அதுதான்.

மணிக்கூண்டு · 18 ஜனவரி

அக்கா பட்டியல்ல கல்யாணத்தைச் சேருங்க. ஓலையை (கல்யாண அறிவிப்பு) மூணு ஞாயிறு வாசிக்கணும், வாசிச்சு முடிச்ச மூணு மாசத்துக்குள்ள கல்யாணம் நடக்கணும். ஞாயித்துக்கு ஒரு குருவானவர் வர்றப்போ, போன வாரம் வாசிச்சதான்னு இந்த வாரம் வந்தவருக்குத் தெரியாது. ஓலைப் புத்தகத்தை வார்டன் கையில எடுத்துட்டு வெஸ்ட்ரிக்குள்ள (குருவானவர் அங்கி போடுற அறை) போய் நிக்கணும், வேற வழி இல்ல. விட்டுப்போச்சுன்னா ரெஜிஸ்ட்ரி வழியா காமன் லைசென்ஸ் (ஓலை இல்லாம கல்யாணம் நடத்த அனுமதி) வாங்கணும். செலவு, பதற்றம் ரெண்டும் கூடுதல்.

நம்ம ஆட்களுக்கு முக்கியமா ஒண்ணு. ஜோடியில ஒருத்தர் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டோட இருந்தா பொதுவா ஓலை செல்லாது. ரெண்டு பேரும் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல நோட்டீஸ் கொடுத்து சூப்பரிண்டெண்டெண்ட் ரெஜிஸ்ட்ரார் சர்டிஃபிகேட் வாங்கணும். குறைஞ்சது 28 நாள், உள்துறை விசாரிக்கணும்னா 70 நாளாவும் நீளும். விகார் இருந்தா முதல் சந்திப்புலேயே சொல்லியிருப்பார். காலி காலத்துல யாரும் சொல்றதில்ல.

2021 மே 4 முதல் பழைய பச்சை ரெஜிஸ்டர் கிடையாது. கையெழுத்தான ஆவணம் 21 நாளுக்குள்ள ரெஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்ச் சேரணும். வந்துபோற குருவானவர் பையில அது வேற ஊருக்குப் போயிடாம பார்த்துக்குங்க.

கடைசி பெஞ்ச் · 26 ஜனவரி

அண்ணாச்சி, பேட்ரன் பிஷப்தானாம்! அப்போ நான் முதல்ல கேட்டது சரிதானே, அவரே அனுப்பலாமே?

மணிக்கூண்டு · 26 ஜனவரி

இல்ல. பிஷப் ஒரு தலையில ரெண்டு தொப்பி போடுறார், அவ்வளவுதான். உங்க ரெண்டு பிரதிநிதி ஒப்புதல் அப்பவும் வேணும். கடைசிச் சடங்கோட பேர் மட்டும் மாறும். வேற பேட்ரன் முன்மொழிஞ்சா 'இன்ஸ்டிட்யூஷன்', பிஷப்பே கொடுத்தா 'கொலேஷன்'.

நான் 14-ம் தேதி எழுதினது பாதிதான்னு இப்போ தோணுது. காகிதத்துல பேட்ரன் தேர்ந்தெடுக்கிறார், மத்தவங்க ஒப்புக்கிறாங்க. நடைமுறையில பிஷப் அல்லது ஆர்ச்டீக்கன் (பிஷப்புக்குக் கீழ நிர்வாகம் பார்க்கிற மூத்த குரு), பேட்ரன், ரெண்டு பிரதிநிதிகள் ஒரே மேஜையில உக்காந்து விண்ணப்பம் பிரிச்சு, ஒண்ணாவே நேர்காணல் பண்றாங்க. "நமக்கு வீட்டோ இருக்கு"ன்னு நெஞ்சை நிமிர்த்திப் போற பிரதிநிதி அந்த மேஜையில உதவ மாட்டார்.

பிஷப்கிட்டருந்து 'சஸ்பென்ஷன்'னு கடிதம் ஏதும் வந்துச்சான்னு பாருங்க. சபைகளை இணைக்கவோ மாத்தியமைக்கவோ யோசனை இருந்தா 2011 மிஷன் அண்ட் பாஸ்டரல் மெஷர்படி கலந்துபேசிட்டு, முன்மொழியும் உரிமையை அஞ்சு வருஷம் வரைக்கும் நிறுத்தி வைக்கலாம். அப்போ வர்றவர் விகார் இல்ல, லைசென்ஸ் வாங்கின பிரீஸ்ட்-இன்-சார்ஜ். ஞாயித்துக்கிழமை வித்தியாசமே தெரியாது. ஆனா 1986 சட்டம் உங்க பிரதிநிதிகளுக்குக் கொடுத்த வீட்டோ அங்க இல்ல. உங்களைக் கலந்துக்குவாங்க, அந்த அளவுதான்.

பாடகர் குழு · 2 பிப்ரவரி

புரொஃபைல் எழுதப் போறோம். எத்தனை பக்கம்? போட்டோ எத்தனை?

மணிக்கூண்டு · 2 பிப்ரவரி

பன்னிரண்டு பக்கம் போதும். பதினாறைத் தாண்டினா யாரும் படிக்கிறதில்ல. காலிக் கோயில் கட்டடத்தை ஆறு கோணத்துல எடுத்துப் போடாதீங்க. மக்கள் இருக்கிற படம் போடுங்க, பிள்ளைங்க முகம்னா பெத்தவங்க அனுமதி வாங்கி.

எண்களை மறைக்காதீங்க. எலெக்டோரல் ரோல் (சபை வாக்காளர் பட்டியல்) 180-ன்னு எழுதிட்டு ஞாயித்துக்கிழமை 70 பேர் வந்தா, நேர்காணலுக்கு முந்தின ஞாயிறு சத்தமில்லாம வந்து பின்வரிசையில உக்கார்ற விண்ணப்பதாரர் எண்ணிப் பார்த்துட்டுப் போயிடுவார். ரோல் வேற, வருகை வேற. அக்டோபர் மாசக் கணக்கெடுப்புல டயோசிஸ்க்கு அனுப்பின எண்ணிக்கையையே போடுங்க. இந்த வருஷம் ரோல் முழுசா புதுசா எழுதணும், ஆறு வருஷத்துக்கு ஒருமுறை வர்றது, போன தடவை 2019. இடம் மாறினவங்க, இறந்தவங்க பேரெல்லாம் உதிர்ந்து எண்ணிக்கை சரியும். சரிஞ்ச காரணத்தை ஒரு வரியில சொல்லிடுங்க, இல்லேன்னா சபை உடைஞ்சுதோன்னு நினைப்பாங்க.

மூணு வருஷ வரவு செலவு வேணும். ஹால் வாடகை எவ்வளவு, அதுல நர்சரியோட பங்கு எவ்வளவுன்னு தனியாக் காட்டுங்க. புறநகர்ச் சபைகள்ல காணிக்கையை விட ஹால்தான் கூரையைத் தாங்கும். அந்த நர்சரி லீசைக் காலி காலத்துல அவசரமாப் புதுப்பிக்காதீங்க. சொத்து டயோசிஸ் நிதி வாரியத்தோட பேர்லதான் இருக்கும், அவங்க சம்மதம் இல்லாம கையெழுத்துப் போட முடியாது.

ஐந்தாண்டுக் கட்டட ஆய்வறிக்கையில ஆர்கிடெக்ட் 'அவசரம்'னு குறிச்ச வேலைகள் என்ன, எது முடிஞ்சது, எது பாக்கின்னு எழுதுங்க. கோபுரத்துல ஒழுகினா ஒழுகுதுன்னே எழுதுங்க.

'நபர் வர்ணனை' பக்கம்தான் எல்லாச் சபையும் சறுக்குற இடம். இளைஞர்கிட்டயும் பழகணும், முதியவரையும் சந்திக்கணும், நல்ல பிரசங்கம், நல்ல நிர்வாகம், இசை ஞானம், பள்ளிக்கூடத்துல ஈடுபாடு, ஜெபவீரர், நகைச்சுவை உணர்வு. பொருத்தம் பார்க்க மாப்பிள்ளை தேடுற தரகர் பட்டியல் கெட்டது! அஞ்சு குணம் மட்டும் எழுதுங்க. எது இல்லாட்டியும் பரவாயில்லன்னு பி.சி.சி.க்குள்ள பேசி முடிங்க. அந்தப் பேச்சுலதான் சண்டை வரும். நேர்காணல் அறையில வர்றதுக்கு இப்பவே வரட்டும்.

கணக்கு அக்கா · 3 பிப்ரவரி

"எங்கள் சபை ஒரு குடும்பம்" என்ற வரியையும் வெட்டுங்க. எல்லாப் புரொஃபைல்லயும் அது இருக்கு. அதுக்குப் பதிலா பத்து மணி ஆராதனைக்கப்புறம் டீ ஊத்துறவங்க எத்தனை பேர், எத்தனை மொழி பேசுற வீட்டுலருந்து வர்றாங்கன்னு எழுதுங்க. தமிழ், மலையாளம், இக்போ, யொரூபா பேசுறவங்க எத்தனை வீடுன்னு எண்ணிப் போட்டா அது செய்தி.

கடைசி பெஞ்ச் · 9 பிப்ரவரி

பெண் குருவானவர் வேண்டாம்னு ரெண்டு மூணு பேர் முணுமுணுக்கிறாங்க. புரொஃபைல்ல ஒரு வரி போட்டா முடிஞ்சுதாமே?

மணிக்கூண்டு · 9 பிப்ரவரி

முடியாது. அப்படி ஒரு வரி போட்டா ஆர்ச்டீக்கன் திருப்பி அனுப்புவார், அனுப்பணும். 2014-ல பிஷப்புகள் சபை வெளியிட்ட பிரகடனத்துல இதுக்கு ஒரே வழிதான் இருக்கு: இறையியல் மனச்சாட்சி அடிப்படையில பி.சி.சி. தீர்மானம். தீர்மான வாசகம், நேரம், இடம் எல்லாத்தையும் நாலு வாரம் முன்னாடியே உறுப்பினர்களுக்கு அனுப்பணும். அப்புறம், மூன்றில் இரண்டு பங்கு பேர் வந்திருந்து வந்தவங்கள்ல பெரும்பான்மை, இல்லேன்னா மொத்த உறுப்பினர்லயே பெரும்பான்மை, ரெண்டுல ஒண்ணு வேணும். முணுமுணுப்பு தீர்மானம் ஆகாது. தீர்மானம் இல்லாத சபையோட நேர்காணல் மேஜையில அந்த முணுமுணுப்புக்கு இடமும் கிடையாது.

சாத்தான்குளத்தார் · 16 பிப்ரவரி

ஊர்ல சி.எஸ்.ஐ. குருவானவர், நல்ல பிரசங்கி, எங்க உறவு. இங்க விண்ணப்பிக்கலாமா?

மணிக்கூண்டு · 16 பிப்ரவரி

சி.எஸ்.ஐ. ஆங்கிலிக்கன் ஐக்கியத்துல உள்ள சபைதான். ஆனா வெளிநாட்டுல அபிஷேகம் பெற்றவர் இங்க ஊழியம் பண்ண 1967 மெஷர்படி கேன்டர்பரி அல்லது யார்க் பேராயரோட அனுமதி வேணும். அதுக்கு மேல விசா, அதுக்கு ஸ்பான்சர். ஸ்பான்சர் பண்ண ஒரு சபையால ஆகாது, டயோசிஸ் முன்வரணும். நேரா விகார் பதவிக்கு விண்ணப்பிச்சா பட்டியல்லயே நிக்காது. முதல்ல டயோசிஸ்கிட்ட பேசி, துணைக் குருவாவோ வேற லைசென்ஸ்லயோ வந்து இங்கத்த நடைமுறை பழகுறதுதான் வழி. பிரதிநிதிகள்ல யாராவது உறவுன்னா அதை முதல் நாளே சொல்லிட்டு அவர் விலகிடணும்.

குருமனைத் தெரு · 23 பிப்ரவரி

குருமனை காலியாக் கிடக்கு. யார் பொறுப்பு?

மணிக்கூண்டு · 23 பிப்ரவரி

சர்ச் வார்டன்களும் ஏரியா டீனும் (வட்டாரச் சபைகளைக் கவனிக்கிற குரு)தான் இப்போ 'சீக்வெஸ்ட்ரேட்டர்', அதாவது காலி காலப் பொறுப்பாளர். வாரம் ஒருமுறை உள்ள போய் வந்து தேதி எழுதி வைங்க, இன்ஷூரன்ஸ்காரர் கேக்கிற முதல் கேள்வி அது. குளிர்ல ஹீட்டிங் குறைச்சு ஓடட்டும், இல்லேன்னா தண்ணியை முழுசா வடிச்சிடுங்க. ரெண்டுக்கும் நடுவுல நின்னா மாடியில குழாய் வெடிச்சு கீழ ஸ்டடி ரூம் கூரை இறங்கும். பெயின்ட், கிச்சன் வேலையை டயோசிஸ் சர்வேயர் வீடு காலியா இருக்கிறப்போதான் செய்வார். புதுசா வர்றவர் நிறம் சொல்லட்டும்னு சமையலறையை மட்டும் கடைசிக்கு விடச் சொல்லுங்க.

கடைசி பெஞ்ச் · 8 மார்ச்

எப்போ விளம்பரம்? இப்பவே சர்ச் டைம்ஸ் வாரப் பத்திரிகையில போட்டுடலாமே.

மணிக்கூண்டு · 8 மார்ச்

லெந்து (தவக்காலம்) தொடங்கியாச்சு. ஏப்ரல் 20 ஈஸ்டர். நீங்க தேடுற ஆள் இப்போ அவர் சபையில மூச்சு விட நேரமில்லாம ஓடிக்கிட்டிருப்பார். சர்ச் டைம்ஸ் வெள்ளிக்கிழமை வரும், ஏப்ரல் 25 இதழைப் பிடிங்க, திருச்சபையோட பாத்வேஸ் வேலைவாய்ப்புத் தளத்துலயும் அன்னைக்கே போடுங்க. மே கடைசியில பட்டியல், ஜூன்ல நேர்காணல். அவர் தன் சபைக்கு மூணு மாசம் நோட்டீஸ் கொடுக்கணும், அப்போ செப்டம்பர் கடைசி. பிள்ளைங்க உள்ள வீடுன்னா பள்ளி தொடங்குறதுக்கு முன்னாடி ஆகஸ்ட்லயே குடிவந்திடணும்னு நினைப்பாங்க. தேதியில கொஞ்சம் இளக்கம் வைங்க.

நேர்காணல் தேதியையும் விளம்பரத்துலயே அச்சடிங்க. பிஷப் டைரியில இடம் கேட்டு வாங்கிட்டு அப்புறம் விளம்பரம். தலைகீழாச் செஞ்சா நாலு விண்ணப்பம் வந்தும் ஆகஸ்ட் வரைக்கும் யாரையும் பார்க்க முடியாது.

பாடகர் குழு · 18 மே

மூணு விண்ணப்பம் வந்திருக்கு. மதியச் சாப்பாட்டுக்கு பிரியாணி போடலாம்னு இருக்கோம்.

மணிக்கூண்டு · 18 மே

போடுங்க, யாராவது சைவமான்னு முதல்ல கேட்டுட்டு. சாப்பாட்டு நேரமும் நேர்காணல்தான்னு வர்றவருக்குத் தெரியும், அதனால பாதித் தட்டுதான் சாப்பிடுவார். முடிஞ்சதும் தனியா இருபது நிமிஷம் ஒரு அறை கொடுங்க, தண்ணியோட. யாரும் நினைக்காத விஷயம் அது.

மனைவியோ கணவரோ கூட வந்தா "நீங்க ஞாயிறு பள்ளி எடுப்பீங்களா?"ன்னு ஒருத்தர்கூடக் கேக்கக் கூடாது. விண்ணப்பிச்சவர் அவர் இல்ல. பிள்ளை பெத்துக்கிற எண்ணம், உடம்பு நிலை, இதுவும் கேக்கக் கூடாது, சட்டப்படியே தப்பு. எல்லாருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, ஒரு தாள்ல மதிப்பெண். பேனல்ல உள்ளவங்க பாதுகாப்பான ஆள்தேர்வுப் பயிற்சி முடிச்சிருக்கணும், அதை ஜூன்ல நினைக்காம இப்பவே முடிங்க.

ஒரு கேள்வி நான் சொல்றேன்: "புரொஃபைல்ல எந்தப் பக்கத்தை நீங்க நம்பல?" நல்லவர் உடனே பக்க எண் சொல்வார்.

மூணு பேருமே பொருந்தலேன்னா யாரையும் எடுக்காதீங்க. மறுபடி விளம்பரம் போடுறது அவமானமில்ல, பல சபை ரெண்டாவது சுற்றுலதான் ஆளைப் பிடிக்குது.

கடைசி பெஞ்ச் · 22 ஜூன்

ஆள் கிடைச்சாச்சு அண்ணாச்சி! பேர் சொல்லலாமா இங்க?

மணிக்கூண்டு · 22 ஜூன்

கூடாது! டி.பி.எஸ். (குற்றப் பின்னணி) சோதனை, அவரோட இப்போதைய பிஷப்கிட்டருந்து வர்ற கடிதம், எல்லாம் முடிஞ்சு ரெண்டு சபையிலயும் ஒரே ஞாயிறு ஒரே நேரம் அறிவிப்பாங்க. அவங்க சபை மக்கள் வாட்ஸ்அப்ல படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டா அவர் கடைசி மூணு மாசமும் அங்க கசந்துபோகும்.

கடைசி பெஞ்ச் · 14 செப்டம்பர்

வர்ற வியாழன் இண்டக்ஷன், புது விகார் பொறுப்பேற்கிற ஆராதனை. ஆர்ச்டீக்கன் அவர் கையைப் பிடிச்சுக் கதவுச் சாவியில வைப்பாராம், அப்புறம் புது விகார் மணி அடிப்பாராம். எத்தனை தடவை அடிக்கிறாரோ அத்தனை வருஷம் இருப்பார்னு இங்க பந்தயமே ஓடுது.

மணிக்கூண்டு · 14 செப்டம்பர்

பந்தயம் ஓடட்டும். நீங்க புதன்கிழமையே கோபுரத்து ஆளைக் கூட்டிப் போய் மணி எந்த நிலையில நிக்குதுன்னு பாருங்க. சில கோபுரத்துல அடிக்கிறவங்க வசதிக்காக மணியை வாய் மேல பார்க்கத் தலைகீழா நிறுத்தி வச்சிருப்பாங்க. அந்த நிலையில பழக்கமில்லாதவர் கயிறை இழுத்தா மணி முழுச் சுற்றுச் சுத்தும், கயிறு அவரையும் சேர்த்து மேல தூக்கும். கீழ இறக்கி வைக்கச் சொல்லுங்க. மெதுவா இழுத்தா ஒரு சத்தம் கேக்கும், போதும். வார்டன்கள் சடங்குல பிடிக்கிற தடி ரெண்டும் துணி அலமாரி பின்னாடி இருக்கும், அதையும் துடைச்சு எடுத்து வைங்க.